"வேண்டாம்" என்றாலும் விடமாட்டார்களாம்!

வாயிற்படியிலே வந்து நிற்கிறார் ஒருவர். "ஐயா! தங்கள் வீட்டை இடித்துவிட்டுப் புதிய மாளிகை கட்டித் தருகிறேன். காலணா தர வேண்டாம். அத்தனையும் இலவசம்!" என்கிறார். "வேண்டாமப்பா, எனக்கு இந்த வீடே போதும்" என்று கூறிக் கதவைச் சாத்துகிறீர்கள். மறுநாளும் வருகிறார், சாத்துகிறீர்கள். அதற்கடுத்த நாளும் வருகிறார், மீண்டும் சாத்துகிறீர்கள். ஒருநாள் வேலை முடிந்து வீடு திரும்பினால், கூரை இல்லை, சுவர் இல்லை, சட்டி பானை எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை! "யாரைக் கேட்டு இடித்தாய்?" என்று பதறினால், பதில் வருகிறது: "தாங்கள்தாமே நேற்றுக் கதவைச் சாத்தினீர்கள்! சாத்தினால் சம்மதம் என்று பொருள். சின்ன எழுத்திலே எழுதி ஒட்டியிருந்தேனே, படிக்கவில்லையா?"

கட்டுக்கதை என்கிறீர்களா, தோழர்களே? வீடு என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கணிப்பொறி என்ற சொல்லை அங்கே வைத்துப் பாருங்கள். கதை, வரலாறாகிவிடும்!

கணிப்பொறி என்றதும், "அது படித்த மேதாவிகளின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொழிற்சங்க அலுவலகத்திலே சந்தாக் கணக்கு எதிலே இருக்கிறது? கிளைக் கழகத்திலே வாக்காளர் பட்டியல் எதிலே இருக்கிறது? தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் எதை வைத்து வயிறு கழுவுகிறார்? மூலையிலே தூசு படிந்து, விசிறி இரைய இரைய ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பழைய பெட்டியிலேதான்! ஆகவே இது நம்முடைய பிரச்சினையுந்தான்.

அமெரிக்க நாட்டின் மைக்ரோசாப்ட் நிறுவனம், உலகத்து மேசைக் கணிப்பொறிகளிலே பெரும்பாலானவற்றை இயக்கும் விண்டோஸ் என்ற இயங்குதளத்தின் உடைமையாளர். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 வைத்திருப்போர் ஓராண்டுக்குள் மாறிக்கொண்டால் கட்டணமில்லை என்றும் அறிவித்தது. அறிவித்ததோடு நின்றிருந்தால் நமக்கு ஏது வழக்கு? விருந்துக்கு அழைப்பது பண்பு. வர மறுத்தவரின் வாயைப் பிளந்து சோற்றைத் திணிப்பது பண்பா?

திணித்தார்கள்! முதலிலே திரையின் வலப்பக்க மூலையிலே ஒரு சின்னஞ்சிறு அடையாளம் வந்து குந்திக்கொண்டது. "புதியது வேண்டுமா?" என்று நாளும் பொழுதும் நச்சரித்தது. பிறகு, கேட்காதவர் கணிப்பொறியிலும் புதிய பதிப்புக்கான கோப்புகள் வந்து இறங்கின. சிலருக்கு 6 ஜிகாபைட் வரை! 2015 செப்டம்பரிலே இது அம்பலமானது. அளந்து அளந்து இணையத்துக்குக் காசு கட்டும் ஏழைக்கு, அது சட்டைப்பையிலே கைவிட்டு எடுத்த பணம் அல்லவா? 2016 பிப்ரவரியிலே, "பரிந்துரைக்கப்படுவது" என்ற பட்டியலுக்கு அதை உயர்த்தினார்கள். பரிந்துரைக்கப்படுவதெல்லாம் தானே வந்து இறங்கட்டும் என்று இசைந்திருந்தவர்களின் கணிப்பொறிகளிலே, மாற்றும் வேலை தானாகவே தொடங்கலாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சகட்டம். கணிப்பொறித் திரையிலே எந்தச் சாளரம் திறந்தாலும், மேல் மூலையிலே ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைத் தட்டினால் சாளரம் மூடிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும், அந்தக் குறிக்கு "வேண்டாம், போ" என்று பொருள் என்பது. 2016 மே மாதத்திலே அந்தப் பொருளையே மாற்றிவிட்டார்கள்! "இன்ன நாள், இன்ன நேரத்துக்கு உங்கள் கணிப்பொறி மாற்றப்படும்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. வேண்டாம் என்று பெருக்கல் குறியைத் தட்டினால், அறிவிப்பு மறைந்தது. ஆனால் மாற்றம் மட்டும் குறித்த நேரத்திலே நடந்தே தீர்ந்தது! "சரி" என்றாலும் சம்மதம். "வேண்டாம்" என்றாலும் சம்மதம். என்னே நியாயம்! என்னே நேர்மை!

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, 2016 ஏப்ரலில், ஒரு தொலைக்காட்சி நிலையத்திலே வானிலை அறிவிப்பு நேரடியாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. மழை எங்கே என்று மக்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரைபடத்தின் மேலே குறுக்கிட்டு வந்து நின்றது, விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் விளம்பரம்! மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சிங்கோ காட்டுப் பகுதியிலே, திருட்டு வேட்டைக்காரர்களைத் தடுக்கும் பணியிலே இருப்போர், விலை மிகுந்த செயற்கைக்கோள் இணைப்பை வைத்துக்கொண்டு சிக்கனமாகக் காலம் தள்ளுகிறார்கள். அவர்கள் கணிப்பொறியும் கேளாமலே புதிய பதிப்பை இறக்கத் தொடங்கிவிட்டது என்று 2016 ஜூனிலே செய்தி வந்தது. நகரத்து மாளிகையிலே உட்கார்ந்து பொத்தானை வடிவமைப்பவனுக்கு, காட்டிலே நிற்பவனின் கஷ்டம் தெரியுமா?

"ஏன் இந்த அவசரம்? இலவசத்தை ஏன் இப்படி ஊட்ட வேண்டும்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளிலே 100 கோடிக் கருவிகளிலே விண்டோஸ் 10 ஓடும் என்று 2015 ஏப்ரலிலே அவர்கள் மேடையேறி முழங்கியிருந்தார்கள். எண்ணிக்கை வேண்டும்! எண்ணிக்கை கூடினால் மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் வாணிபம் கூடும். ஆகவே இலவசம் என்பது நமக்குத் தந்த கொடை அல்ல, தோழர்களே. நம்மை எண்ணிக்கையாக்குவதற்குத் தந்த கூலி! அப்படியும் குறித்த காலத்திலே அந்த இலக்கை எட்ட முடியாது என்று 2016 ஜூலையிலே அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் எடுத்து வைப்போம். ஒளித்து வைத்து வாதாடுவது நம் வழக்கமல்ல. "பழையதை வைத்திருந்தால் திருடன் புகுவான், ஆகவே மாற்றச் சொல்கிறோம்" என்கிறார்கள். உண்மை, அதிலே பாதி உண்மை. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற நச்சு நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளிலே புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனிலே அரசு மருத்துவமனைகள் தத்தளித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் அடிபட்டார்கள். ஆகவே, பாதுகாப்புத் திருத்தம் வேண்டும், கட்டாயம் வேண்டும். நம் அலுவலகப் பெட்டியிலே அதை நிறுத்தி வைத்திருக்கும் தோழர் யாரேனும் இருந்தால், இன்றே திருத்திக்கொள்ளட்டும்.

ஆனால், கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவது வேறு. குடும்பத்தையே வேறு வீட்டுக்குக் கிளப்புவது வேறு. முன்னதற்கு அப்டேட் என்று பெயர்; பின்னதற்கு அப்கிரேடு என்று பெயர். ஓடு மாற்ற வரும் ஆள் என்று நம்பிக் கதவைத் திறந்தவர்களிடம், வீடு மாற்றும் ஆளையும் கூடவே அனுப்பினார்கள். விளைவு என்ன? "எவனும் உள்ளே வரவேண்டாம்" என்று பலர் கதவையே அடைத்துக்கொண்டார்கள். 2018 அக்டோபரிலே வந்த பதிப்பு, சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களிலே அதை நிறுத்தி, நவம்பரிலே திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். சூடு கண்ட பூனையை, "ஏன் அடுப்பங்கரைப் பக்கம் வரவில்லை?" என்று கடிந்துகொள்வது எப்படி நியாயமாகும்? நம்பிக்கையை உடைத்தவர்கள்தாம், மக்களின் பாதுகாப்பையும் உடைத்தார்கள்.

எதிர்த்து நின்றவர் உண்டா? உண்டு! கலிபோர்னியாவிலே பயண ஏற்பாட்டு நிலையம் நடத்தும் ஒரு பெண்மணி. தாம் கேளாமலே தொடங்கிய மாற்றத்தால் கணிப்பொறி படுத்துவிட்டது, தொழில் கெட்டது என்று சிறுவழக்கு நீதிமன்றம் ஏறினார். 10,000 டாலர் தீர்ப்பாயிற்று. உலகப் பெரு நிறுவனம் மேல்முறையீட்டை 2016இலே கைவிட்டுப் பணத்தைக் கட்டியது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை; வழக்குச் செலவை மிச்சப்படுத்தினோம் என்றார்கள். ஆனால் அந்த ஜூன் மாத இறுதியிலேயே, தெளிவான மறுப்புப் பொத்தானை வைப்பதாக அறிவிப்பு வந்தது. ஜெர்மனியிலே பாடன்-வூர்ட்டம்பெர்க் நுகர்வோர் மையம் வழக்குத் தொடுத்தது. பயனாளர் இசைவின்றி மாற்றத்துக்கான கோப்புகளை இறக்கமாட்டோம் என்று 2017இலே உறுதி தர வைத்தது. பெருக்கல் குறி விவகாரத்திலே எல்லை மீறிவிட்டோம் என்று அந்த நிறுவனத்தின் விளம்பரத் துறைத் தலைவர் கிறிஸ் கபோசெலாவே 2016 டிசம்பரிலே ஒப்புக்கொண்டார்.

இதோடு முடிந்ததா? இல்லை. அன்று யாரை இழுத்து இழுத்து விண்டோஸ் 10இலே குடிவைத்தார்களோ, அவர்களுக்கே 2025 அக்டோபர் 14 அன்று "ஆதரவு முடிந்தது" என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், எல்லாக் கணிப்பொறிக்கும் அங்கே இடமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். 2017இலே கடன் வாங்கி வாங்கிய பெட்டிகளிலே பல, வாசலிலேயே நிறுத்தப்பட்டன. ஓடுகிறது, கணக்குப் போடுகிறது, கடிதம் அடிக்கிறது. ஆனாலும் "செத்தது" என்று சான்றிதழ்! இப்படி 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலே மதிப்பிட்டது. அந்தக் குப்பை எந்த நாட்டு ஏழையின் தெருவிலே வந்து கொட்டப்படும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

கூச்சல் எழுந்தது. உடனே, ஓராண்டுக்கு மட்டும், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் தருகிறோம் என்றார்கள். 30 டாலர் கட்டு. அல்லது உன் அமைப்புகளை எங்கள் கிடங்கிலே சேமி. அல்லது எங்கள் பரிசுப் புள்ளி 1,000 கொடு என்றார்கள். ஐரோப்பாவிலே நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டன. அங்கே மட்டும் காசும் வேண்டாம், சேமிப்பும் வேண்டாம் என்று நிபந்தனை தளர்ந்தது! ஒரே பொருள், ஒரே திருத்தம், கேட்டவனுக்கு ஒரு நீதி, கேளாதவனுக்கு ஒரு நீதி! ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கிறது. தனித்தனியே முணுமுணுத்தால் கிடைப்பதில்லை. ஆலை வாயிலிலே நாம் கற்ற பாடந்தான் இது!

திணிப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 1938இலும் 1965இலும் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்காகச் சிறை சென்றவர்களின், உயிர் தந்தவர்களின் வழி வந்தவர்கள் நாம். அந்தத் தியாகத்தோடு இந்தப் பொத்தானை ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் மறுக்கும் உரிமை இல்லாத இடத்திலே இசைவு என்பதும் இல்லை என்ற நீதி, இரண்டுக்கும் பொது.

ஆகவே, என்ன கேட்கிறோம்? "சரி" என்ற பொத்தான் எத்தனை பெரிதோ, "வேண்டாம்" என்ற பொத்தானும் அத்தனை பெரிதாக இருக்கட்டும். பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகத் தா, விளம்பரத்தோடு கலக்காதே. விற்கும்போதே, எத்தனை ஆண்டு பராமரிப்பாய் என்று பெட்டியின் மேல் அச்சடி. ஓடுகிற இயந்திரத்தைச் செத்ததென்று சொல்லாதே. தராவிட்டால்? வழி வேறில்லை என்று எண்ண வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலே பிள்ளைகள் அதிலேதான் படிக்கிறார்கள். பழைய பெட்டிகள் பலவற்றிலும் அது ஓடும். பழக, சில நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கணிப்பொறி நாம் காசு கொடுத்து வாங்கியது. அதன் திறவுகோல் மட்டும் இன்னொருவன் இடுப்பிலே தொங்குவானேன்? நம் வீட்டுக் கதவை நாம் சாத்தினால், சாத்தியதாகவே இருக்க வேண்டும்!