சிறுவர் கையில் கொடுப்பவர் யார்?

மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில், பேரீச்சங்காயையும் பழத்தையும் ஊறவைத்துப் புளிக்கச் செய்த மதுவைப் பெரியவர்கள் பருகிக் கொண்டிருந்தார்கள். ஊற்றிக் கொடுத்தவர், அவர்களிலெல்லாம் வயதில் இளையவரான அனஸ் (ரலி) அவர்கள். அபூதல்ஹா அவர்களுடைய துணைவியாரின் மகனார். மது விலக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்தது. பெரியவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. ஊற்றிய அச்சிறுவரிடமே எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடச் சொன்னார்கள். அன்று மதீனத்துத் தெருக்களில் மது ஓடிற்று என்று பின்னாளில் நமக்கு அறிவித்தவர்களும் அனஸ் அவர்களே.

அன்பர்களே! மதுவிலக்கின் வரலாறாகவே இந்நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகிவிட்டோம். இன்று அந்தச் சிறுவரைச் சற்றுக் கவனியுங்கள். குவளையை அவர் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்கள். கொட்டச் சொன்னவர்களும் அவர்களே. தாங்கள் குடித்துக்கொண்டு, நீ மட்டும் தொடாதே என்று அவர்கள் உபதேசிக்கவில்லை.

நம் கரைக்கு வருவோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு, 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் படகுகள் கரையில் நிற்கின்றன. பள்ளிகளின் கோடை விடுமுறையும் அந்நாள்களில்தான் வருகிறது. தந்தையும் மகனும் வீட்டிலிருக்கும் அக்காலத்தில், தந்தை பொழுதைக் கழிக்கும் விதமே மகனுக்குப் பாடமாகிறது. குடிப்போருக்காகச் சோடாவும் வறுவலும் வாங்கிவர ஏவப்படும் பிள்ளை, அரிச்சுவடியைத் தொடங்கிவிட்டான் என்றே கொள்ளுங்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் நிலை வேறு. தந்தை சபரில் இருப்பார், மகன் கையில் பணமிருக்கும், கண்டிக்கத் தாய் ஒருத்தியே இருப்பாள். தொலைபேசியில் மதிப்பெண்ணை விசாரிக்கும் தந்தை, மாலையில் யாரோடு போனாய் என்றும் விசாரிக்கலாமே!

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்போருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு மதுவை விற்கவோ சுமக்கவோ செய்தாலும் அதே தண்டனைதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதுவின் பொருட்டுச் சபித்த பதின்மரில், குடிப்பவனோடு ஊற்றுபவனும், சுமப்பவனும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவனும் உண்டு. இதை அறிவிப்பவர்களிலும் அனஸ் (ரலி) அவர்கள் இருக்கிறார்கள்.

ஜமாஅத்தார் பிடிபட்ட பையனைச் சபையில் நிறுத்தி நாணச் செய்வதோடு கடமை முடிந்ததாக எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் அழைக்கப்பட வேண்டியவர், வாங்கிக் கொடுத்த பெரியவர். பள்ளிக்கூடமும் அவ்வாறே. பெயரை நீக்கி அனுப்பினால் அப்பிள்ளை போய்ச் சேருமிடம் அதே கூட்டந்தான். ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொன்னால், ஒளிக்காமல் கேட்டுக்கொள்ளும் பெற்றோர் வேண்டும்.

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் பல சமயத்தாரும் அருகருகே வாழ்கிறார்கள். ஒரே தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு ஜமாஅத் மட்டும் கட்டுப்பாடு விதித்துப் பயனில்லை. பங்குத்தந்தையும், கோயில் நிருவாகிகளும், மீனவர் சங்கத்தாரும் உடனிருக்க வேண்டும். அடுத்த தடைக்காலம் தொடங்குமுன், ஒரு ஜும்ஆ முடிந்த மாலையில், அவர்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசத் தொடங்கலாம்.