மூலமும் படியும்: தரவுத்தள வழங்கிகளின் இடையறாமை

உறவுநிலைத் தரவுத்தளம் என்பது இக்காலத்து ஆவணங்களுள் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் அமைப்பாகும். வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, நூலக அட்டவணை, பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் ஆகியன இதன்கண் உறைகின்றன. நம் துறையினர் தொகுக்கும் அகராதிக் குறிப்புகளும் சுவடி விளக்கங்களும் ஓலையையும் தாளையும் விட்டு இதன்பால் வந்து சேர்கின்றன. ஆதலின், இத்தளத்தைத் தாங்கும் வழங்கியோடு தொடர்பு கொள்ளுதல், அதனைப் பேணுதல், அஃது இடையறாது இயங்குமாறு செய்தல் ஆகிய மூன்றும் பொறியியலார்க்கே உரியன என்று நாம் ஒதுங்கி நிற்றல் இயலாது. படிகள் பலவாதலால் மட்டும் ஓர் ஆவணம் காக்கப்படுவதில்லை. அவற்றுள் எது மூலம் என்பதை இடர் வருமுன்னரே வரையறுத்தல் வேண்டும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

உறவுநிலை என்னும் அடைமொழி பலரை மயங்கச் செய்வது. ஓர் அட்டவணைக்கும் மற்றோர் அட்டவணைக்கும் இடையேயுள்ள உறவையே இச்சொல் குறிக்கும் என்பர். அது பொருந்தாது. ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளராகிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், கணிதத்தில் வழங்கும் உறவு என்னும் கருத்தை எடுத்தாண்டார். கணங்கள் சிலவற்றினின்று ஒவ்வோர் உறுப்பாகத் தெரிந்து ஒழுங்குபட அமைத்த நிரல்களின் தொகுதியே ஆண்டு உறவு எனப்படும். எனவே, அட்டவணை ஒவ்வொன்றும் தானே ஓர் உறவு. அட்டவணைகளைப் பிணைத்தல் அதன் பின்னர் நிகழ்வது.

தரவு உள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயன்கொள்வோர் அறிய வேண்டா என்பது காட் கொள்கையின் உயிர்நிலை. பயன்கொள்வோர் கோப்பைத் தொடுவதில்லை, வழங்கியை வினவுகின்றனர், வழங்கி விடை தருகின்றது. இவ்வாறு இடையே ஒரு வாயில் அமைந்தமையால், வாயிலின் பின்னே ஒரு பொறி பழுதுற்றவிடத்து மற்றொன்றை அதன் இடத்தில் நிறுத்துதல் இயல்வதாயிற்று. இடையறாமை என்னும் கருத்துக்கு இதுவே அடிப்படை.

2. தொடர்பு கொள்ளுதல்

வழங்கியை அடைய முகவரி, வாயில் எண், பெயர், மறைச்சொல் ஆகியன வேண்டும். போஸ்ட்கிரெஸ் வழங்கி 5432 என்னும் எண்ணிலும், மைஎஸ்கியூஎல் வழங்கி 3306 என்னும் எண்ணிலும் பொதுவாகக் காத்திருக்கும். இணைப்பு ஒவ்வொன்றும் பொறியின் நினைவகத்தில் ஒரு பங்கைக் கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இணைப்பு ஒன்றற்கு ஒரு தனிச் செயல்முறையையே தோற்றுவிக்கும். இயல்பான அமைப்பில் அது 100 இணைப்புகளை வரம்பாகக் கொள்ளும். ஆகவே, வருவோர்க்கெல்லாம் புதிய இணைப்புத் தராமல், சில இணைப்புகளைத் திறந்து வைத்து மாறி மாறி வழங்கும் இடைநிலை அமைப்பு ஒன்றைக் கையாளுவர்.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. பணம் மாற்றுமாறு கட்டளை அனுப்பியபின், விடை வருமுன் இணைப்பு அறுமாயின், கட்டளை நிறைவேறியதோ இல்லையோ என்பதைக் கேட்டவர் அறியார். மீண்டும் அனுப்பின் இருமுறை பணம் மாறக் கூடும். அனுப்பாதொழியின் மாறாமலே போகக் கூடும். ஆதலின், கட்டளை ஒவ்வொன்றற்கும் தனி அடையாள எண் தந்து, முன்னரே நிறைவேறியதை மீண்டும் செய்யாவாறு காத்தல் வேண்டும். அறுந்த இணைப்பை மீண்டும் பிணைத்தல் எளிது. அறுந்த கணத்தில் நிகழ்ந்தது யாது என அறிதலே அரிது.

3. பேணுதலும் படியெடுத்தலும்

தரவுத்தளம் ஒரு மாற்றத்தை ஏற்றதாக அறிவிக்குமுன் அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி நிலைபெறச் செய்யும். அட்டவணைக் கோப்புகளில் அம்மாற்றம் பின்னர்ச் சென்று சேரும். இடையில் மின்சாரம் நின்றாலும், பொறி மீண்டும் எழுந்து குறிப்பேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்து கொள்ளும்.

இக்குறிப்பேட்டையே மற்றொரு பொறிக்கு இடையறாது அனுப்பின், அப்பொறி மூலத்தின் படியாகிவிடும். படியெடுத்தல் இருவகைப்படும். படி பெற்றுக்கொண்டதென்று விடை வருங்காறும் காத்திருந்து பின்னரே மாற்றத்தை ஏற்பது ஒன்று. காவாது ஏற்றுப் பின்னர் அனுப்புவது மற்றொன்று. முன்னதில் இழப்பு அரிது. ஆயின் விரைவு குறையும். படி நின்றால் மூலமும் நிற்க நேரும். பின்னதில் விரைவு மிகும். ஆயின் மூலம் திடீரென வீழுமாயின் இறுதி எழுத்துகள் சில படியைச் சென்று சேரா.

இடையறாமையை நூற்றுவீதத்தால் அளப்பர். 99.9 விழுக்காடு என்பது ஓராண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிட நிறுத்தத்தை இடங்கொடுக்கும். 99.99 எனின் 53 நிமிடம், 99.999 எனின் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். இவ்விறுதி அளவில், பழுதை ஒருவர் கண்டு, எழுந்து வந்து, படியை மூலமாக உயர்த்தப் பொழுது இராது. ஆதலின் அத்தீர்ப்பையும் பொறியிடமே ஒப்படைப்பர். பொறிகள் பல கூடிப் பெரும்பான்மையால் முடிவு செய்யும். மூன்றனுள் இரண்டு, அல்லது ஐந்தனுள் மூன்று உடன்பட்டால் புதிய மூலம் தெரிந்தெடுக்கப்படும். இம்முறை போதுமானதா என்பதை இனி ஆராய்வாம்.

4. நாற்பத்து மூன்று நொடி

நிரலாளர் பலர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனம், 2018 அக்டோபர் 21-இல் தனக்கு நேர்ந்ததைத் தானே விரிவாக வெளியிட்டுள்ளது. அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில் ஒளிவழிக் கருவி ஒன்றைப் பராமரிப்பின்பொருட்டு மாற்றுங்கால், அதன் வலைமையத்துக்கும் முதன்மைத் தரவு நிலையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 நொடியில் அது மீண்டது. அதற்குள் மேற்பார்வைப் பொறிகள் பெரும்பான்மையாற் கூடி, மேற்குக் கரையிலிருந்த மைஎஸ்கியூஎல் படிகளை மூலமாக உயர்த்திவிட்டன.

பொறிகள் தம் விதிப்படியே ஒழுகின. ஆயினும், கிழக்கில் எழுதப்பட்டு மேற்கைச் சேராத எழுத்துகள் சில எஞ்சின. தொடர்பு மீண்டபின் மேற்கில் எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. இரண்டும் மூலமென நின்றன, இரண்டும் முழுமையல்ல. மிகுதியாகப் பயன்பட்ட தொகுதி ஒன்றில் மட்டும் அச்சிற்றிடையில் 954 எழுத்துகள் இவ்வாறு தனித்து நின்றன என்பது அவர் தரும் கணக்கு. கிழக்கிலிருந்த செயலிகளோ தொலைவிலுள்ள மேற்கு மூலத்தை வினவி வினவித் தளர்ந்தன.

விரைவில் இயக்கத்தைத் தொடங்குவதா, எழுத்துகளைக் காப்பதா என்னும் வினா எழுந்தது. அந்நிறுவனம் எழுத்துகளைக் காக்கவே துணிந்தது. காப்புப் பதிவுகளினின்று தளங்களை மீட்டு, படிகளை மூலத்தோடு ஒத்து வரச் செய்து, பணி முற்றிலும் சீர்பட 24 மணி 11 நிமிடம் ஆயின. பின்னர், ஒரு கரையினின்று மற்றொரு கரைக்கு மூலம் தானே மாறாதவாறு விதியைத் திருத்தினர். வீழ்ந்த மூலத்தை மாற்றத் தெரிந்த அமைப்பு, மாற்றாதிருக்க வேண்டிய இடத்தை அறிந்திலது என்பது இதனாற் பெறப்படும்.

சுவடிப் பதிப்பில் பயின்றார்க்கு இந்நிலை புதிதன்று. ஒரே மூலத்தினின்று பிரிந்த இரு படிகளில் வேறு வேறு எழுத்துகள் புகுந்தபின், எது மூலபாடம் எனத் துணிதல் அரிய பணியாகிவிடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் ஒன்றைப் பாடமாகக் கொண்டு மற்றதைப் பாடவேறுபாடாக அடிக்குறிப்பில் தரலாம். ஒருவருடைய வங்கி இருப்புக்குப் பாடவேறுபாடு காட்டுதல் இயலாது.

5. படியும் காப்பும் வேறு

படி இருப்பதனால் காப்பு இருக்கின்றது எனக் கொள்வதும் பிழை. மூலத்தில் ஒருவர் அட்டவணையைத் தவறாக அழிப்பாராயின், படியும் அக்கட்டளையை உண்மையுடன் பின்பற்றி அழிக்கும். 2017 சனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்தது காப்பின் அருமையை உணர்த்துவது. பின்தங்கிய படியைப் புதுப்பிக்க எண்ணிய பொறியாளர், படியின் கோப்புகளை அழிப்பதாகக் கருதி மூலத்தின் கோப்புகளை அழித்தார். உடனே நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. நாடோறும் எடுக்கப்படுவதாக நம்பிய காப்புப் பதிவுகளைத் தேடியபோது அவை இல்லை. பதிவு எடுக்கும் கருவியும் தளமும் வெவ்வேறு பதிப்பினவாதலின் அப்பணி நின்றுபோயிருந்தது. அதனை அறிவிக்கும் மின்மடல்களும் உரியவரைச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்கு முன் வேறொரு காரணம்பற்றி எடுத்த பதிவு ஒன்றே கைகொடுத்தது. அதன்பின் எழுதப்பட்ட தரவுகள் இழப்பாயின.

மீட்டுப் பார்க்கப்படாத காப்பு காப்பாகாது என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம். குறித்த இடைவெளிதோறும் காப்பினின்று ஒரு தளத்தை எழுப்பி, அதனை வினவி, விடையைச் சரிபார்த்தல் பேணுதலின் பகுதியாகும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. தொடர்பு அறுதல் இயல்பு. அறுங்கால் ஐயத்துக்கு இடமாகும் கட்டளையை அடையாளம் காண வழி செய்தல் வேண்டும். படி இடையறாமைக்கும் காப்பு மீட்சிக்கும் உரியன. ஒன்று மற்றொன்றன் இடத்தை நிரப்பாது. மூலம் எது, அதனை மாற்றுவது யார், எவ்வெல்லைவரை மாற்றலாம், சில எழுத்துகளை இழப்பதா சில மணிநேரம் நிற்பதா என்னும் வினாக்களுக்கு விடை அமைதியான பொழுதிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

தலைமுறை பல உழைத்துச் சேர்த்த சொற்களைத் தரவுத்தளத்தில் ஏற்ற முற்படும் நம் துறைகள், பொறி வாங்குதற்கு முன் இவ்வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் கடமையாகும். ஓலை செல்லரிக்க ஆண்டுகள் பல ஆகும். அவ்விடைவெளியில் அதனைத் தேடி எடுத்துப் படிசெய்ய ஒருவர் வரக் கூடும். தரவு அழிய ஒரு நொடி போதும்.