டிப்ளமோ முதல் டாக்டர் பட்டம் வரை



"ரிசர்ச் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்குப்பா, நமக்கு டிப்ளமோ முடிச்சதும் ஒரு வேலை கெடச்சா போதும்!" இறுதியாண்டு வந்ததும் நம் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வேலைக்குப் போவதில் தவறே இல்லை. ஆனால் வழி இருப்பது தெரிந்து வேண்டாம் என்பது வேறு. வழியே இல்லை என்று நினைத்து ஒதுங்குவது வேறு. சென்னை கிண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. ஆகிய இரண்டையும் மனதில் வைத்து, ஆராய்ச்சிப் பட்டங்களைப் பற்றி நான் திரட்டிய விவரங்களை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

பத்தாவதுக்குப் பின் நமக்கு டிப்ளமோ 3 வருடம். பிறகு பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் 3 வருடம். மொத்தம் 6. பிளஸ் டூ போன நண்பனுக்கு 2 வருடம், பி.இ. 4 வருடம். அவனுக்கும் 6 தான்! பாலிடெக்னிக் வந்ததால் ஒரு வருடம்கூட நமக்கு நஷ்டம் இல்லை.

பட்டங்களில் என்ன வித்தியாசம்?

எம்.இ., எம்.டெக். என்பவை 2 வருடப் படிப்புகள். பெரும்பகுதி வகுப்பும் பரீட்சையும்தான். கடைசியில் ஒரு பிராஜெக்ட்.

எம்.எஸ். என்பது ஆராய்ச்சி வழி முதுகலைப் பட்டம். அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. இரண்டிலும் உண்டு. சில பாடங்கள் மட்டும் படித்துவிட்டு, மீதி நாளெல்லாம் ஒரே பிரச்சனையை எடுத்து ஆராய்ந்து ஆய்வேடு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். சேர்ந்தவர், வேலை நன்றாகப் போனால் நடுவிலேயே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் வழி உள்ளது.

பிஎச்.டி.க்கு யு.ஜி.சி. 2022-இல் புதிய விதிகள் வெளியிட்டது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்க அந்த விதி இடம் தருகிறது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதச் சலுகை உண்டு. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பெண்களுக்கு மேலும் 2 வருடம் தரலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம். ஐ.ஐ.டி.க்குத் தனி விதிகள். எனவே சேருமிடத்தின் விதியைப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். எம்.ஃபில். பட்டத்தை அதே 2022 விதிகள் நிறுத்திவிட்டன. "எம்.ஃபில். சேர்ந்துக்கோ" என்று யாராவது யோசனை சொன்னால் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அதுவரை சாப்பாட்டுக்கு?

என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். "இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பே?" என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே! நம்மில் பலர் நிலைமையும் இதுதான். நமக்குத் தெரியாத முக்கியமான விஷயம், ஆராய்ச்சி செய்பவருக்கு உதவித்தொகை உண்டு என்பது. கேட் தேர்வு மூலம் எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய். ஐ.ஐ.டி. எம்.எஸ்.ஸுக்கும் இதே அளவுதான். பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் லேப், டுடோரியல் போன்றவற்றில் உதவ வேண்டும். ஜே.ஆர்.எஃப். பெறும் பிஎச்.டி. மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. ஆனால் சேர்ந்த எல்லோருக்கும் இது தானாக வந்துவிடாது. "உதவித்தொகை உண்டா? எத்தனை வருடம்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

நம்மில் ஒருவர்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் டாக்டர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் டெக்னீஷியன். இவர் விழுப்புரத்தில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. என்று படிப்படியாக ஏறியவர்.

அவர் ஆராய்ந்தது என்ன தெரியுமா? ராக்கெட் கிளம்பும்போது விண்கலத்தின் எலக்ட்ரானிக் பெட்டிகள் பயங்கரமாக அதிரும். அந்த அதிர்வை எப்படிக் குறைப்பது? ஒரு சிறு கூட்டுக்குள் சின்னச் சின்ன குண்டுகளைப் போட்டுப் பெட்டியோடு பொருத்தினால், குண்டுகள் ஒன்றோடொன்று மோதி உரசுவதில் அதிர்வின் சக்தி கரைந்துவிடும். எத்தனை குண்டு, என்ன சைஸ், என்ன உலோகம் என்று ஒவ்வொன்றாக மாற்றி அளந்து பார்ப்பதுதான் ஆராய்ச்சி. லேத்தில் ஜாப் அதிர்ந்து, பரப்பில் கோடு கோடாக விழுவதை நாமும்தான் தினமும் பார்க்கிறோம். அது ஏன் என்று கேட்கத் தொடங்கினால் நாமும் அந்த வழியில்தான் நிற்கிறோம்.

இப்போதே என்ன செய்யலாம்?

கேட் தேர்வை பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 வருடம் செல்லும். 100 மதிப்பெண்ணில் பொதுத் திறன் 15, பெரும்பாலான தாள்களில் கணிதம் 13. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் டிப்ளமோ மாணவர்கள் தடுமாறும் இடம் இந்தக் கணிதம்தான். ஆகவே செமஸ்டர் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடாதீர்கள்! ஆராய்ச்சிச் சேர்க்கை ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை நடக்கும். விண்ணப்பிக்கும் முன், அந்தத் துறைப் பேராசிரியர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் அவர் வழிகாட்டலில்தானே வேலை செய்யப் போகிறோம்!

எல்லோரும் டாக்டர் பட்டம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையா படிப்பா என்று வீட்டில் உட்கார்ந்து பேசும் நாளில், இந்தக் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். முடிவு உங்களுடையது, நண்பர்களே!