கூரைத் தண்ணீரும் கிட்டங்கிச் சரக்கும்



எம். புதுப்பட்டி, சிவகாசி, விருதுநகர் வட்டாரம் வறண்ட பூமி. மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேர்விட்டன. அதே காரணத்தால் நம்மிடம் ஒரு மெத்தனமும் வந்துவிட்டது. கடைக்கு நல்ல ஷட்டர் போடுகிறோம். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். கூரைத் தண்ணீர் இறங்கும் வழியை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "நம்ம ஊரில் என்ன பெரிய மழை?" என்று இருந்துவிடுகிறோம்.

மழை நாட்கள் குறைவுதான். ஆனால் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்து பெய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. நம் மாவட்டத்தின் சராசரி மழை ஒரு வருடம் முழுவதற்கும் சுமார் 80 செ.மீ.தான். பத்து மாதம் வெயிலில் காய்ந்து கிடக்கும் கட்டரும் குழாயும் அந்த இரண்டு மாதத்தில் சரியாக வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டம் நம் சரக்குக்கும் சுவருக்கும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கிட்டங்கிக் கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதன்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் 4,650 லிட்டர். நாம் விற்கும் 15 லிட்டர் எண்ணெய் டின்னில் பிடித்தால் 310 டின். இவ்வளவும் கட்டர் வழியாக ஓடி, குழாய் வழியாக இறங்கியாக வேண்டும்.

மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் கனமழை கொட்டும்போது 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 450 சதுர அடிக் கூரையின் தண்ணீரைத்தான் இறக்கும். ஆகவே 1,000 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் மூன்றுக்குக் குறையக் கூடாது. செலவைக் குறைக்க 2 அங்குலக் குழாய் வைப்பவர்கள் உண்டு. அளவில் பாதிதானே என்று நினைக்கக் கூடாது. அதன் வாய்ப் பரப்பு 4 அங்குலக் குழாயில் நாலில் ஒரு பங்குதான்.

பழுதின் அடையாளங்கள்

கட்டரும் குழாயும் ஒரே நாளில் கெடுவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடுகின்றன. பார்க்கத் தெரிந்தால் போதும்.

1. கட்டருக்குக் கீழே வெளிச்சுவரில் கறுப்பாகவோ பச்சையாகவோ பாசிக் கோடு இறங்கியிருந்தால், அங்கே தண்ணீர் வழிகிறது.

2. கூரை விளிம்புக்கு நேர்கீழே மண் பள்ளமாக அரித்திருந்தால், கட்டர் நிரம்பி வெளியே கொட்டுகிறது.

3. உட்சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால், சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது.

4. கட்டர் நடுவில் தொய்ந்து, கொக்கிகள் கழன்று நின்றால், மழை விட்ட பிறகும் அங்கே தண்ணீர் தேங்கும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

5. குழாய் வாயருகே அரசோ ஆலோ முளைத்திருந்தால் அலட்சியம் கூடாது. அதன் வேர் சுவருக்குள் ஈரத்தைத் தேடிப் போகும். மேலே வெட்டினால் மறுபடி தழையும்; வேரோடு எடுத்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.

6. மட்டப்பா வீடுகளில் குழாய் வாயைச் சுற்றி உட்கூரையில் துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி நனைகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும்; பருத்தால் காரை பெயர்ந்து விழும்.

7. குழாய் இறங்கும் மூலையில் சுவர் சாய்வாக விரிசல் விட்டிருந்தால் அஸ்திவாரத்தைக் கவனிக்க வேண்டும். நம்முடையது கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். குழாய்த் தண்ணீர் வருடா வருடம் ஒரே மூலையில் கொட்டினால், அந்த மூலை மட்டும் ஏறி இறங்கிச் சுவர் பிளக்கும்.

இவற்றைப் பார்க்க நல்ல நேரம் மழை பெய்யும் நேரமே. குடை பிடித்துக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வெயில் காலத்தில் கட்டரின் ஒரு முனையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, மறுமுனைக் குழாயில் முழுதும் வருகிறதா என்று பார்க்கலாம்.

சரக்கு என்ன ஆகும்?

மேலிருந்து சொட்டினால் சாக்கு நனைவது கண்ணுக்குத் தெரியும். சுவர் வழியே வரும் ஈரம் தெரியாது. அடுக்கின் பின்வரிசையில், சுவரை ஒட்டிய மூடைதான் முதலில் கெடும். சீனி கட்டிபிடிக்கும், உப்பு கசியும், பருப்பில் வண்டு சேரும். வத்தலிலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். காயவைத்தாலும் வறுத்தாலும் அது முற்றிலும் போகாது. நனைந்து பூத்த சரக்கை உலர்த்தி, நல்ல சரக்கோடு கலந்து விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உரிமம் பெற்ற பட்டாசுக் கிட்டங்கியும் ரசாயனச் சரக்கும் வைத்திருப்போருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம்பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். அங்கே ஒழுகும் கூரை உயிர்ப் பிரச்சினை.

ஊறிய சுவரும் அப்படித்தான். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் உயரமான மதில் சரிந்து, பக்கத்து வீடுகளில் தூங்கிய 17 பேர் இறந்தார்கள். அது கட்டர் பழுதால் வந்ததல்ல. ஆனால் நனைந்த சுவர் எதையும் சொல்லிவிட்டு விழாது என்பதை அது காட்டியது. பழைய மண்சுவர்க் கிட்டங்கி வைத்திருப்போர் இதை மனதில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆவணி மாதத்தில் ஒரு முறை கூரையைப் பார்த்து ஓட்டை அடைப்பு, கொக்கி மாற்றுதல், பெயிண்ட் ஆகிய வேலைகளை முடித்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் கட்டரையும் குழாய் வாயையும் சுத்தம் செய்ய வேண்டும். வேப்பிலை, புங்க இலை, புறாக்கூடு, கிழிந்த பாலித்தீன் பை எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

தீபாவளி முடிந்த மறுநாள் மூன்றாவது முறை பார்ப்பது நம் ஊருக்கே உரிய தேவை. வெடித்த காகிதமும் ராக்கெட் குச்சியும் கூரையெங்கும் கிடக்கும். அடுத்த மழையில் காகிதம் கூழாகிக் குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருவதால், தள்ளிப்போட இடமில்லை.

கட்டர் 10 அடிக்கு ஒரு அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். குழாய் வாயில் கம்பி வலை வைப்பது நல்லது. ஆனால் வலையையும் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் நடுப்பள்ளத்துத் தகரத்தை முதலில் பார்க்க வேண்டும். அங்கே நிரம்பினால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளேதான் இறங்கும். குழாயின் கீழ்முனையைச் சுவரை விட்டு மூன்று நாலு அடி தள்ளி விட வேண்டும்.

2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது குழி தோண்டியவர்கள் பலர். அந்தக் குழியின் ஜல்லியும் மணலும் சேறு அடைத்திருந்தால், தண்ணீர் பூமிக்குள் போகாமல் அஸ்திவாரத்துக்குத் திரும்பும். அதை எடுத்துக் கழுவிப் போட்டால் சுவரும் பிழைக்கும், கிணற்றிலும் ஊறும்.

கிட்டங்கிக்குள் மூடைகளைக் கட்டைமேல் அடுக்கி, சுவரிலிருந்து இரண்டடி விட வேண்டும். இடம் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். ஆள் நுழைந்து சுவரைப் பார்க்க அந்த இரண்டடிதான் வழி. இன்சூரன்ஸ் பாலிசியில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே படித்துப் பார்ப்பது நலம். பராமரிக்காத கூரை ஒழுகியது என்று சர்வேயர் எழுதிவிட்டால் பணம் வாங்குவது கடினம்.

கூரைமேல் கடைப் பையனை ஏற்றிவிடக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வெயிலில் காய்ந்து மொறுமொறுத்திருக்கும். கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ நேரிடும். அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு. பழகிய ஆளை வைத்து, பலகை போட்டு, கரண்ட் வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வேலை செய்யச் சொல்ல வேண்டும்.

பஜார்க் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நம் கட்டர் வழிந்தால் பக்கத்துக் கடைக்காரரின் சரக்கு நனையும். மழைக்கு முன்பே இரு கடைக்காரர்களும் சேர்ந்து ஒரே ஆளை வைத்து வேலையை முடித்தால் கூலியும் குறையும், மனஸ்தாபமும் வராது. தெருவுக்குத் தெரு உறுப்பினர்கள் இப்படிச் செய்யலாம்.

அரைநாள் கூலி, கொஞ்சம் தகரம், நாலு கொக்கி. ஒரு மூடை வத்தலின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருப்பைக் காப்பதும் வியாபாரத்தில் ஒரு பாதி. இந்தப் புரட்டாசியில் அவரவர் கூரையை அவரவர் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.