எஞ்சினுக்கேற்ற கியர்ப்பெட்டி: தெரிவின் அடிப்படைகள் பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் வாகனமொன்றின் வலுவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். ஆயின் எஞ்சின் பிறப்பிக்கும் வலுவைச் சில்லுகளுக்குப் பயன்படத்தக்க வடிவிற் கொண்டு சேர்ப்பது கியர்ப்பெட்டியாகும். தொழிற்சாலையில் உருவாகும் காரில் இவ்விரண்டையும் பொருத்தும் பொறுப்புப் பொறியியலாளரைச் சார்ந்தது. தன் கையால் எஞ்சினைத் திருத்தி அமைப்பவனோ அப்பொறுப்பைத் தானே ஏற்க வேண்டியவனாகிறான். இத்தகைய கட்டுநர் மரபு விரிவாக வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கையால் மாற்றும் கியர்ப்பெட்டியைத் தெரிவதன் அடிப்படைகளை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

இம்மரபின் தோற்றம் உழைக்கும் மக்களின் வாழ்வோடு தொடர்புடையது. போர்ட் நிறுவனம் 1932இல் மலிவு விலைக் காரில் வி-8 எஞ்சினைப் புகுத்தியது. பழசாகிக் கைமாறிய அக்கார்களைத் தென் கலிபோர்னிய இளைஞர் திருத்தி, மியூரொக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினர். 1939ஆம் ஆண்டின் போர்ட் கியர்ப்பெட்டிக்குள் லிங்கன் செபிர் காரின் பற்சில்லுகளைப் பொருத்தி விகிதங்களை நெருக்கமாக்கும் வழியையும் அவர்கள் கண்டனர். பாடநூலன்றிப் பழைய இரும்புக் கடையே அவர்தம் ஆய்வுகூடமாயிற்று எனலாம்.

தெரிவில் முதலாவதாக நோக்க வேண்டியது விகிதமாகும். பெற்றோல் எஞ்சின் தனது முறுக்கத்தைக் குறித்த ஒரு சுழற்சி எல்லைக்குள்ளேயே சிறப்பாகத் தருகிறது. அவ்வெல்லைக்குள் எஞ்சினை நிறுத்தி வைப்பதே கியர்ப்பெட்டியின் தொழில். ஜெனரல் மோட்டர்ஸ் 1963 முதல் 1974 வரை உற்பத்தி செய்த மன்சி நாற்கதிப் பெட்டிகள் இதனை நன்கு விளக்குகின்றன. 1966க்குப் பிந்திய எம்-20 வகையின் விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00 என்பன. எம்-21 வகையில் அவை 2.20, 1.64, 1.27, 1.00 ஆகும். நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் மூன்றிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றும்போது, எம்-20இல் எஞ்சின் ஏறத்தாழ 4100 சுற்றுகளுக்கு இறங்கும். எம்-21இல் ஏறத்தாழ 4700இலேயே நிற்கும். எனவே, உயர் சுழற்சியில் மட்டும் உயிர்பெறும் பந்தய எஞ்சினுக்குப் பின்னையதும், தாழ்ந்த சுழற்சியிலும் இழுக்கவல்ல வீதி எஞ்சினுக்கு முன்னையதும் பொருந்துவனவாகும்.

எனினும் கியர்ப்பெட்டியின் விகிதத்தைப் பின் அச்சின் விகிதத்திலிருந்து பிரித்து நோக்குதல் தவறாகும். 66 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு, மணிக்கு 100 கிலோமீற்றர் கதியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 805 முறை சுழல்கிறது. பின் அச்சு விகிதம் 3.73 எனின், நேரடி நான்காம் கியரில் எஞ்சின் 3000 சுற்றுகள் சுழல வேண்டும். 1983 முதல் போர்ட் மஸ்ராங்கில் இடம்பெற்ற போர்க் வார்ணர் ரி-5 போன்ற ஐங்கதிப் பெட்டியில் ஐந்தாம் கியர் 0.68 எனின், அது 2040 ஆகக் குறையும். எரிபொருளும் தேய்மானமும் குறையும். ஆயின் அதே பெட்டியோடு 3.08 விகித அச்சைப் பொருத்தினால் எஞ்சின் 1700 சுற்றுகளுக்குச் சற்றுக் கீழே இறங்கும். பந்தயக் கேம் தண்டு பூட்டிய எஞ்சின் அந்நிலையிற் சீராக இழுக்காது. ஐந்தாம் கியர் இருந்தும் பயன் இல்லையாகும்.

இரண்டாவது, தாங்குதிறன். பற்களின் மீது தாக்கும் விசை, முறுக்கத்தைப் பற்சில்லின் ஆரையால் வகுத்தால் வருவது. ஆதலால் தண்டுகளுக்கிடையிலான தூரம் கூடுந்தோறும், ஏனைய யாவும் ஒத்திருப்பின், பெட்டி வலிமை பெறுகிறது. ரி-5இல் இத்தூரம் 77 மில்லிமீற்றர். 1992இல் டொட்ஜ் வைப்பர் காரோடு வந்த ஆறுகதி ரி-56இல் 85 மில்லிமீற்றர். விற்பனைப் பட்டியலிற் காணப்படும் முறுக்க எண்ணோ முழு உண்மையைக் கூறுவதன்று. பாரம் குறைந்த காரில், சாதாரண ரயருடன், மிகைவிசை ரயரின் வழுக்கலாய்க் கழிந்துவிடும். பாரமான காரில், வீதியை இறுகப் பற்றும் ரயருடன், அதே விசை அதிர்ச்சியாகப் பற்களைச் சென்று தாக்கும். ஒரே பெட்டி ஓரிடத்தில் நிலைப்பதும் பிறிதோரிடத்தில் உடைவதும் இதனாலேயாம். வலிமைக்கும் விலையுண்டு: மன்சி எம்-22இல் பற்களின் சாய்வுக்கோணத்தைக் குறைத்தமையால் அச்சுவழித் தள்ளுவிசை குறைந்தது, இரைச்சல் கூடியது. ‘கல்லுடைப்பான்’ எனும் பட்டப்பெயரும் அதற்கு வாய்த்தது.

மூன்றாவது, பொருத்தம். மன்சிப் பெட்டிகளுள்ளே தொடக்க காலத்தனவற்றின் உட்செல் தண்டில் 10 வரிப்பற்களும் இறுதிக் காலத்தனவற்றில் 26 வரிப்பற்களும் உள. அதற்கேற்ற கிளச் தட்டையே தேட வேண்டும். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணிவடிவ உறையின் மையம் கிராங் தண்டின் மையத்தோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது. அளவுமானியின் மொத்த விலகல் 0.005 அங்குலத்தை மீறலாகாது என்பது கட்டுநரின் நடைமுறை விதி. இதனைப் புறக்கணித்தோர் கியர் கடினமாக விழுவதையும் தாங்கிகள் விரைவில் தேய்வதையும் கண்டு, குற்றத்தைப் பெட்டியின் மேலேயே சுமத்துவர்.

இவையனைத்தும் செலவு பற்றிய வினாக்கள் மட்டுமல்ல. கியர்ப்பெட்டியும் கிளச்சும் ஓட்டுநரின் பாதங்களுக்கு அருகிலேயே சுழல்கின்றன. 1970 மார்ச் 8இல், லொஸ் ஏஞ்சலிஸின் லயன்ஸ் பந்தயத் தடத்தில், புகழ்பெற்ற ஓட்டுநர் டொன் கார்லிட்ஸின் வாகனத்திற் கியர்ப்பெட்டி வெடித்தது. அவர் தமது வலப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். தமக்கு முன்னால் இருந்த எஞ்சினைப் பின்னால் வைத்து அவர் கட்டிய வாகனம் 1971இல் வெற்றிபெற, அவ்வகைப் பந்தயத்தின் வடிவமே மாறலாயிற்று. வார்ப்பு அலுமினிய உறைக்குப் பதிலாகச் சிதறலைத் தாங்கும் உருக்கு உறையைப் பூட்டுவது, ஆற்றல் மிக்க எஞ்சினைக் கட்டுவோர் தவிர்க்கலாகாத கடமையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, சிறந்த கியர்ப்பெட்டி என ஒன்று தனித்து இல்லை என்பது புலனாகும். எஞ்சின், அச்சு, ரயர், வாகனத்தின் பாரம், அது ஓடும் வீதி ஆகியவற்றின் உறவிலேயே பெட்டியொன்று சிறந்ததாகிறது. சந்தை இவ்வுறவை மறைத்து, எண்ணொன்றை மட்டுமே விலைக்கு வைக்கிறது. ஏரிப்படுகை இளைஞரோ முழுமையை அளந்தறிந்த பின்னரே உறுப்பைத் தெரிந்தனர். தொழினுட்ப அறிவைத் தமிழில் வளர்க்க விழையும் நாமும் கற்பிக்க வேண்டியது பொருட்களின் பெயர்ப் பட்டியலை அன்று, இவ்வளந்தறியும் முறையையே ஆகும்.