லூஸ் கான்டாக்ட்

காரும் கரன்ட்டும் – 9

டொயோட்டா 2000-ல், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான ப்ரியஸை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, விற்பனையாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த ஒரு விஷயம், ‘இதை ப்ளக்கில் மாட்ட வேண்டியதே இல்லை’ என்பது. மின்சாரம் என்றாலே ஜனங்கள் ஒயரைத் தேடினார்கள். நிறுவனம் ஒயர் இல்லாததைப் பெருமையாகச் சொன்னது. அந்தப் பெருமை நாலு வருஷம்தான் தாங்கியது. 2004-ல் கலிஃபோர்னியாவில், ஃபெலிக்ஸ் க்ரேமர் தொடங்கிய கால்கார்ஸ் குழுவின் ரான் க்ரெம்பன், ஒரு ப்ரியஸின் பின்பக்கத்தில் லெட்-ஆசிட் பேட்டரிகளை (நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டுகிற ஜாதிதான்) அடுக்கி, வீட்டு ப்ளக்கில் சார்ஜ் ஆகும்படி செய்துவிட்டார். வேண்டாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒயரை, வாங்கியவர்களே கேட்டு வாங்கிய கதை இது.

2010 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே வோல்ட் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரி 16 யூனிட். அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு நாளில் ஓட்டுவது 40 மைலுக்குள், அதாவது சுமார் 64 கிலோமீட்டருக்குள் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்தத் தூரத்துக்குக் கரன்ட். அதற்கு மேல் பெட்ரோல். சான்றிதழில் கிடைத்தது 35 மைல்தான் என்றாலும் கணக்கின் அடிப்படை சரி. என்னைக் கேட்டால், பேட்டரியைச் சிறியதாக வைத்ததில் கிடைத்த பெரிய லாபம் ராத்திரியில்தான் இருக்கிறது.

அமெரிக்க வீட்டின் சாதாரண ப்ளக் பாயின்ட் 120 வோல்ட், 15 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் எதுவும் அதில் எண்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வயரிங் விதி. ஆக 12 ஆம்பியர். மணிக்கு ஒன்றரை யூனிட்கூட இல்லை. 230 வோல்ட்டில் வாழும் நமக்கு இது சிரிப்பாக இருக்கும்: அதே 12 ஆம்பியர் நம் பவர் ப்ளக்கில் 2.7 யூனிட்டைத் தாண்டும். ஆனால் வோல்ட் கார் தன் 16 யூனிட்டில் சுமார் 10 யூனிட்டைத்தான் புழங்கவிடும். மேலும் கீழும் மிச்சம் வைத்துக்கொள்வது பேட்டரியின் ஆயுளுக்காக. அந்தப் பத்து யூனிட்டை நிரப்ப, அந்தச் சோம்பேறி ப்ளக்குக்குப் பத்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் வந்து மாட்டினால் விடியும்போது கார் தயார். முழு மின்சார காருக்கு இந்த ப்ளக் யானைப் பசிக்குச் சோளப்பொரி. வோல்ட் போன்ற ப்ளக்-இன் ஹைபிரிடுக்கோ வயிறு நிறைந்த சாப்பாடு.

இதைப் புரிந்துகொள்ளாமல் சிலர் 11 கிலோவாட் சுவர்ப் பெட்டி வாங்கி மாட்டுகிறார்கள். அது காசுக்குப் பிடித்த கேடு. சார்ஜர் என்று நாம் சொல்கிற அந்தப் பெட்டி சார்ஜரே அல்ல. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் அசல் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. முதல் வோல்ட்டில் அது 3.3 கிலோவாட். சுவரில் எதை மாட்டினாலும் அதற்கு மேல் உள்ளே போகாது. துணி உலர்த்தும் மெஷினுக்காக அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் லைன் இருக்கும். அந்த வகை லைன் ஒன்று இருந்தால் நாலு மணி நேரத்தில் வேலை முடியும்.

அப்படியானால் பெட்டி என்ன செய்கிறது? காரோடு பேசுகிறது. கேபிளின் நுனியில் உள்ள கன்னைக் காரில் செருகும்வரை முனையில் மின்சாரம் கிடையாது. ஒரு சிறு கம்பியில் 12 வோல்ட் சிக்னல் மட்டும் காத்திருக்கும். செருகியதும் அது 9 ஆகும். கார் தயார் என்றதும் 6. அதே கம்பியில் விநாடிக்கு ஆயிரம் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் சிக்னல் எவ்வளவு பங்கு நேரம் உயர்ந்து நிற்கிறதோ, அதை வைத்துக் கார் தன் அளவைத் தெரிந்துகொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 12 ஆம்பியர், அதற்கு மேல் இழுக்காதே என்று பொருள். கழற்றுவதற்குக் கன்னின் பொத்தானை அழுத்தினாலே கார் இழுப்பதை நிறுத்திவிடும். பிடுங்கும்போது பொறி பறக்காது. ஜே1772 என்னும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களை எழுந்து நின்று கும்பிடலாம்.

காரோடு இவ்வளவு பேசுகிற பெட்டி சுவரோடு பேசுவதில்லை. அங்கேதான் வினை.

ப்ளக்கின் பின்னே ஒயர் சரியாக முறுக்கப்படாமல், வெறும் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 14 வாட் சூடு. டோஸ்டர் என்றால் மூன்று நிமிஷத்தில் அணைந்துவிடும். காரோ ராத்திரி பூராவும், தினமும். பிளாஸ்டிக் இளகும், பிடி தளரும், தடை ஏறும், சூடு இன்னும் ஏறும். எம்.சி.பி. ட்ரிப் ஆகாது, அது பார்ப்பது ஆம்பியரை, சூட்டை அல்ல. பழைய அமெரிக்க வீடுகளில் ஒயரைத் திருகாணியால் இறுக்காமல் பின்துளையில் குத்திவிட்டுப் போன ப்ளக்குகள் ஏராளம். எழுபதுகளின் தொடக்கம்வரை கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினிய ஒயர் வேறு.

வோல்ட்டின் 120 வோல்ட் கேபிள்கள் சூடாவதாகப் புகார் வந்ததும், 2012-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றைத் தடித்த ஒயருள்ள கேபிள்களாக மாற்றித் தந்தது. அடுத்த வருஷ மாடலில், ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கார் தானாக 8 ஆம்பியருக்கு இறங்கி நிற்கும்படி செய்தது. பத்து மணி நேரம் பதினைந்தாக நீண்டதில் வாங்கியவர்களுக்குக் கோபம். ஆனால் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது: அதே 0.1 ஓமில் 8 ஆம்பியருக்கு 6.4 வாட்தான். மூன்றில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தால் பாதிக்கு மேல் சூடு தணிகிறது. அந்த வீட்டுக்காரர்கள் திட்டியிருக்க வேண்டியது எலக்ட்ரீஷியனை. கார் மாட்டும் ப்ளக்கைப் புதிதாக, தனி லைனில், திருகாணி இறுக்கிப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் வாரம் அரை மணிக்கொரு தரம் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

இத்தனை சொன்னதும் மாட்டுகிறவர்களுக்கு. மாட்டாமலும் இந்தக் கார் ஓடும் என்பதுதான் இதன் வசதி, இதன் நோயும். பிரிட்டனில் 2018-ல், நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த ஹைபிரிட் கார்களின் டிக்கியில் சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது செய்தியானது. மானியமும் வரிச் சலுகையும் காருக்கு. கேபிளைப் பிரிக்க யாரும் காசு தரவில்லை. பெட்ரோல் போட்டால் நிறுவனத்தின் கார்டு கட்டும். வீட்டில் சார்ஜ் செய்தால் கரன்ட் பில் சொந்தக் கணக்கு. யார்தான் மாட்டுவார்? சாலையில் ஓடிய கார்களிலிருந்தே தரவு எடுத்த ஐரோப்பிய ஆணையம், இந்த வகைக் கார்கள் ஆய்வகக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு விடுவதாக 2024-ல் அறிக்கை தந்தது. 2025 முதல் அங்கே புதிய மாடல்களுக்குச் சான்றிதழ் தரும்போது, கரன்ட்டில் ஓடும் பங்கைக் குறைத்தே கணக்கிடுகிறார்கள். ப்ளக்கில் மாட்டுகிறவரும் மாட்டாதவரும் காகிதத்தில் ஒரே கார்தான் வைத்திருக்கிறார்கள்; அதற்கு மருந்து வீட்டில் சார்ஜ் ஆகும் யூனிட்டைத் தனி மீட்டரில் அளந்து, அந்தப் பணத்தையும் நிறுவனமே கொடுப்பது.

(தொடரும்)