டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் அல்வாவை விட்டால் போதுமா? சுகரின் 3 மாதக் கணக்கு

'நாளைக்கு சுகர் டெஸ்ட், இன்னைக்கு அல்வா வேண்டாம்' என்பது நெல்லை வீடுகளுக்குப் பழகிய பேச்சுதான். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டுமே காட்டும். ஒரு நாள் பத்தியம் அங்கே கொஞ்சம் கைகொடுக்கலாம். ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அது பலிக்காது.

காரணம், ரத்தச் சிவப்பணு. அதன் ஆயுள் சுமார் 120 நாள். சர்க்கரை கூடக்கூட சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த 2, 3 மாத நிலவரம் தெரிந்துவிடும். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.4 வரை எச்சரிக்கைக் கட்டம், 6.5-லிருந்து நீரிழிவு. ரத்தசோகை இருந்தால் கணக்கு தப்பலாம்; டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

சோற்றைக் குறைத்து, தினமும் நடக்கத் தொடங்கியவர்கள் பத்தே நாளில் இந்த டெஸ்ட்டை எடுத்துவிட்டு 'ஒண்ணும் குறையலையே' என்று சோர்ந்துபோக வேண்டாம். 3 மாதம் பொறுங்கள்.

இடையில் யாராவது விசாரித்துக்கொண்டே இருப்பதும் முக்கியம். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை 3 ஆண்டு கண்காணித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு, உடற்பயிற்சி மாற்றத்துக்கு மாதாமாதம் போனிலும், 6 மாதத்துக்கு ஒருமுறை நேரிலும் ஊக்கம் பெற்றவர்களில் அது சுமார் 39 சதவீதம்தான். மாத்திரை கொடுக்காமலே!

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு நடைப்பயிற்சி லேசில் வாய்க்காது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கிறார்கள். ஆனால், விரல்நுனி ரத்தத்தில் மிஷின் காட்டுவதும் அந்த நேரத்து அளவுதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, 'மூணு மாச சுகர் டெஸ்ட் எப்போ எடுக்கணும்?' என்று கேட்டுவிடலாம்.